டாக்டராக வந்தவனுக்குச் சரித்திரம்

கல்லூரியில் புதிதாகச் சேரும் பையன்களுக்காக இதை எழுதுகிறேன்.

சேலத்தில் நான் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்தபோது, எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ராமசாமி என்பவன் சேர வந்தான். ஆபீஸ் குமாஸ்தாவைக் கேட்காமல், ஊர்க்காரன் என்று என்னைத் தேடி வந்தான்.

"டாக்டருக்குப் படிக்கோணுமுங்க. எந்த குரூப் எடுக்கறதுங்க?"

சிநேகிதர்கள் எதிரில் வேடிக்கை காட்ட எண்ணி, "சரித்திரம் எடுத்துக்கோ சாமி. சயன்ஸெல்லாம் டாக்டர் காலேஜுல சொல்லிக் குடுப்பாங்க" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போய் அப்படியே எழுதிக் கொடுத்தான். வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு உண்மையைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதலாம், ஆனால் மறக்கவில்லை. வேடிக்கை நீடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சயன்ஸ் குரூப் படிக்காதவனை டாக்டர் காலேஜில் சேர்க்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்தபோது, குரூப் மாற்றும் தவணை முடிந்திருந்தது.

"நம்மூர்க்காரரு சொன்னீங்கன்னுதானுங்க எழுதிக் குடுத்தேன்" என்றான். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. மறு வருஷம் புதிதாகச் சயன்ஸில் சேர்க்க அவன் அப்பா ஒப்பவில்லை. ஊருக்குப் போய் ஏர் பிடித்தான்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் உபாத்தியாயர். யார் யோசனை கேட்டாலும் ஆபீஸுக்கு அனுப்பிவிடுகிறேன். போன வாரம் ஒரு புதுப்பையன், "நீங்க திருச்செங்கோட்டுப் பக்கமுங்களா?" என்று முகம் மலரக் கேட்டான்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன்.