சாம்பல் மூட்டை

மழைக்கு வீட்டைத் தயார் செய்ய எங்கள் எண்ணூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ரேஷன் கார்டு பிளாஸ்டிக் கவருக்குள் போகும், அரிசி டிரம் பரண் ஏறும், கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வரும். எனக்குப் பத்து வயதான வருடம், வாசலைக் காக்கும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார்.

மாமா, அம்மாவின் தம்பி. ஒப்பந்த வேலை போய் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில்தான் இருந்தார். கூப்பிட்டால்தான் சாப்பிட வருவார். தட்டைத் தானே கழுவி வைப்பார். அப்படிப்பட்டவர் அன்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கட்டு காலி சிமென்ட் கோணியோடு கிளம்பினார். ஆற்றோரம் மின் நிலையத்துச் சாம்பல் கேட்பாரில்லாமல் குவிந்து கிடந்தது.

"மணல் இன்னாத்துக்குக்கா? சாம்பல் சும்மா கீது. ஒரு சொட்டு உள்ள வந்தா என் பேர மாத்திக்கிறேன்" என்றார்.

"சரிடா, நீயே பாத்துக்கோ" என்றாள் அம்மா.

அப்பா லாரியோடு போனால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. வீடு ஓடியது அம்மாவின் தையல் மெஷினால்தான். அதில் தண்ணீர் புகுந்தால் எல்லோருக்கும் வயிற்றில் ஈரத்துணிதான். மாமா இரண்டாவது நடை போன நேரத்தில் அம்மா மெஷினின் தலையைக் கழற்றிப் போர்வையில் சுற்றினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து எதிர்மாடி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தோம். திரும்பி வந்ததும் வெறும் ஸ்டாண்டின் மேல் மர மூடியைக் கவிழ்த்து வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கனத்தைத் தூக்கிய பெருமையே எனக்குப் போதுமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் வாசலில் இடுப்புயரச் சுவர் எழுந்துவிட்டது. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் யோசனை கேட்க, மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு விளக்கினார்.

மறுநாள் காலை தெருத்தண்ணீர் மூட்டைகளைத் தொட்டது. சாம்பல் மணலைப் போல அடங்கிக் கிடக்கவில்லை. கரைந்து, கோணி இழை வழியே கூழாக வழிந்தது. மூட்டைகள் ஒவ்வொன்றாக வயிறு ஒட்டிப் படுத்தன. வீட்டுக்குள் கணுக்கால் வரை சாம்பல் தண்ணீர். மாமா ஓடிப்போய் மெஷினைத் தூக்க மூடியை எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"பெல்ட்டு அறுந்துபோச்சுன்னு நேத்தே ரிப்பேருக்குக் குட்த்துட்டேண்டா" என்றாள் அம்மா.

மெஷினுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று மாமா பயந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல மாமா, நானும் அம்மாவும் நேத்தே மாடி வூட்ல வச்சிட்டோம். பத்திரமா கீது" என்றேன்.

நல்ல செய்தி சொன்ன திருப்தியோடு அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மூடியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா முறத்தால் சேற்றை வாரி வெளியே தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி வடிஞ்சதும் மெஷின நீதான் எறக்கித் தரணும்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "ஏத்தறதுக்குள்ளயே என் உசிரு போய்ட்ச்சு. அந்தப் படியில என்னால தூக்கிகினு வர முடியாதுடா."

மூடியை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்த மாமா, "சரிக்கா" என்றார். பிறகு எழுந்து அம்மாவின் கையிலிருந்து முறத்தை வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். நடுவில் எங்கும் இறக்கி வைக்காமல் ஒரே மூச்சில் ஏற்றியவர்கள் நாங்கள். லாரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமக்கும் அம்மா, ஒரு மெஷினுக்கு உயிர் போயிற்று என்கிறாள். பாதிக் கனம் தாங்கிய என்னைப் பேச்சிலேயே சேர்க்கவில்லை. அன்று முழுக்க நான் அவளிடம் பேசவில்லை.