மீமிசலுக்குக் கோடி கொண்டுபோன ஜீப்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை முப்பத்து மூன்று மைல். பஸ் கட்டணம் ஒரு ரூபாய். அந்த முப்பத்து மூன்று மைலும் ஒரு பழைய கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திருச்சியில் மோட்டார் சாமான் கடையில் வேலை பார்க்கிறவன் நான். கார்புரேட்டர் என் சிநேகிதன் சிதம்பரத்தின் ஜீப்புக்கு. ஐப்பசி மாதம், சாயங்காலம் நான்கு மணி. பஸ் ஸ்டாண்டில் குடையோடு நின்றிருந்த சிதம்பரம் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் பையைத்தான் பார்த்தான்.

புதுக்கோட்டையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடு போட்டாற்போல் நேரான வீதிகள் உள்ள ஊர். ராஜாங்கம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியும் வழி கேட்டால் அரண்மனையை வைத்துத்தான் சொல்கிறார்கள். சிதம்பரம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஜீப் நின்றது. மாடு வெளியே கூரை இறவாணத்துக்கு அடியில் நனைந்துகொண்டிருந்தது.

யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய வண்டி அது. திருச்சி ஏலத்தில் அவன் எடுத்தபோது நானும் கூட இருந்தேன். சக்கரம் இல்லை, சீட் இல்லை, எஞ்சினுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. மூன்று வருஷமாக ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் புகுந்து, கழற்றியும் மாட்டியும் தானாகவே வேலை கற்றுக்கொண்டான். இப்போது இரண்டு பூச்சு பச்சைப் பெயிண்ட், ரெக்சின் தைத்த சீட்டு, புது டயர். கலியாணத்துக்கு நிறுத்திய மாதிரிதான் இருந்தது.

இத்தனையும் அவன் தங்கை அழகம்மாளுக்காக. கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். வாக்கப்பட்டது மீமிசலில். மூன்று வருஷத்துக்கு முன் அவள் மகளின் காதுகுத்துக்குச் சிதம்பரம் மாமன் சீர் கொண்டு போனான். பஸ் கூரையிலிருந்து தட்டுகளை இறக்கும்போது, “மாமன் சீரு டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்குடோய்” என்றான் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அழகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இனி அந்த ஊருக்குச் சொந்த வண்டியில்தான் வருவது என்று சிதம்பரம் அன்றைக்கு முடிவு கட்டினான். அதன் பிறகு மீமிசலில் அவன் கால் படவில்லை.

இந்த ஆடியிலிருந்து அழகம்மாளுக்கு மஞ்சள் காமாலை. சிதம்பரத்தின் மனைவி காமாட்சி எனக்குக் காப்பி வைத்தபடியே சொன்னாள்: “நான் ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டு வந்தேண்ணே. இப்ப நெறமாசம், பஸ்ல ஏற முடியல. இவுகள ஒரு எட்டுப் போயிட்டு வரச் சொல்லுங்க.”

“தீவாளிக்கு இதுலயே போறேன். அவளக் கூட்டியாந்து இங்க வச்சு வைத்தியம் பாக்கப் போறேன்” என்றான் சிதம்பரம், ஜீப்புக்கு அடியில் படுத்தபடி.

நான் பெட்ரோல் டேங்கைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே துரு சலசலத்தது. இறக்கிக் கழுவச் சொன்னேன். “ஓடுனாச் சரியாயிரும்” என்றான். வெளியே இரண்டு பூச்சு அடித்தவனுக்கு உள்ளே ஒரு தடவை கழுவப் பொறுமையில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்க அவன் தெருவில் இறங்கிய வேளையில்தான் தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தினான். அழகம்மாள் விடியற்காலையில் இறந்துவிட்டாள்.

சிதம்பரம் கொட்டகைத் தரையில் சாணி என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“ஒம்பது மணி பஸ்ஸு இருக்கு, கெளம்புங்க” என்றாள் காமாட்சி. பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. அவள் வாசற்படியிலேயே அழுதாள்.

“வண்டியிலயே போயிருவோம்” என்றான் அவன்.

பத்து மணிக்குக் கீழராஜ வீதியில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு புதுச் சேலை வாங்கினோம். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து அவள்மேல் விழ வேண்டும். அதன்பிறகுதான் தூக்குவார்கள். அவன் அதை என் மடியில் வைத்தான். அறந்தாங்கி வரை இருபது மைல் ஜீப் நன்றாகவே ஓடியது. வழியெல்லாம் கண்மாய்கள் நிரம்பிக் கிடந்தன. நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டரைக்கு ஆவுடையார்கோவிலைத் தாண்டினோம். அதற்கப்பால் இருபுறமும் கருவேலங்காடும் களிமண்ணும்தான். மேலும் இரண்டு மைல் போவதற்குள் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. துரு பெட்ரோல் குழாயை அடைத்திருந்தது. குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். அரை மைல் ஓடி மறுபடி நின்றது. மறுபடி ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல் நாற்றம், குமட்டல்.

இரண்டு மணிக்கு மீமிசல் பஸ் வந்தது. நாங்கள் கை காட்டாமலே நின்றது. காக்கிச் சட்டைக் கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்: “நம்ம புதுக்கோட்டை ஆளா இருக்கீங்க. எங்கிட்டுப் போறீங்க? ஏறுங்க.”

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் படியிலிருந்து இறங்கிச் சிதம்பரத்திடம் வந்தார். “வண்டி கெடக்கட்டும் சார். மூணு மணிக்குள்ள கொண்டுபோயி விட்டுர்றேன்.”

“நீங்க போங்க, பின்னால வாரோம்” என்றான் சிதம்பரம்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “ஒனக்கு என்ன கிறுக்கா? நீ வராட்டி சேலையையாவது குடுத்து விடு.”

“பொறந்த வீட்டுக் கோடிய கண்டவன் கையிலயா குடுக்கிறது?”

“அப்ப நான் கொண்டு போறேன்.”

“நீ போயிட்டா கொழாய யாரு ஊதுறது? வண்டியில வாரேன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேம்ப்பா. மூணு வருசமாச் சொல்லியிருக்கேன்.” குரல் உடைந்துவிட்டது. நானும் நின்றுவிட்டேன். கண்டக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு விசில் ஊதினார். மழை பிடித்துக்கொண்டது.

மீமிசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கடற்கரை ஊர். கருவாட்டு வாடையும் உப்புக் காற்றும் வண்டிக்குள் வந்தன. வீட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். குளித்த தலையோடு ஆண்கள் நின்றார்கள். ஜீப்பைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

அழகம்மாளின் புருஷர் ராமையா வந்து சிதம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “அஞ்சு மணி வரைக்கும் பாத்தோம் மச்சான். காமாலை ஒடம்பு, மழை வேற. வச்சிருக்க முடியல.”

“கோடி?”

ராமையா திரும்பிப் பார்த்தார். வேப்பமரத்தடியில் ஈரக் காக்கிச் சட்டையோடு அந்தக் கண்டக்டர் நின்றிருந்தார். இரவு அந்தப் பஸ் மீமிசலில்தான் தங்குமாம்.

“நீங்க வர்ற வழியில நிக்கிறீங்கன்னு சொன்னதே அவருதான். நேரமாச்சு. பொறந்த ஊர் ஆளு வேற யாருமில்ல. கடைத்தெருவுல ஒரு சேலை எடுத்தாந்து, நான் அண்ணனா நின்னு போடுறேன்னு சொல்லிப் போட்டாரு.”

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். “வெறுமனே போகக்கூடாதுல்ல சார்” என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல. சிதம்பரம் அவரைக் கும்பிட்டான். பிறகு ஜீப்பில் போய் உட்கார்ந்தவன் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பால் தெளிப்பு. மயானம் உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. அழகம்மாளைப் புதைத்திருந்தார்கள். புது மண் மழையில் கரைந்து ஒருபக்கம் சரிந்திருந்தது. காரியம் செய்கிறவர் பால் செம்பை எடுத்துக்கொண்டு, “பொறந்த வீட்டுக்காரரு முன்னால வாங்க” என்று கூப்பிட்டார்.

சிதம்பரம் ஓரடி எடுத்து வைத்தான். அவர் அவனை யாரென்று தெரியாமல் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கோடி போட்டவரு எங்கய்யா?” என்றார்.

கண்டக்டர் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். பஸ்ஸை ஆட்களோடு நிறுத்திவிட்டு வந்திருந்தார். செம்பைச் சிதம்பரத்திடம் நீட்டினார். கூட்டத்தில் யாரோ, “போட்டவருதான் ஊத்தணும்” என்றார்கள். அவர் ஊற்றினார். சிதம்பரம் வரிசையில் கடைசி ஆளாக நின்று ஒரு கை மண் போட்டான். எனக்கு அவனைத் திட்ட வேண்டும் என்றிருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் அழுகையாகிவிட்டது.

எல்லோரும் போனபின் எங்கள் சேலையைப் பிரித்து மண்மேல் விரித்தான். சாவுக்கு எடுத்த துணி, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. கடற்காற்றில் பறக்காமலிருக்க நான்கு முனையிலும் மண்கட்டி வைத்தான். ஒரு முனை ஓயாமல் தூக்கிக்கொண்டே இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

எட்டு மணிக்குப் புறப்பட வண்டியில் ஏறினோம். இரவு முழுக்க ஆடாமல் நின்றதில் துரு அடியில் தங்கிவிட்டது போலிருக்கிறது, ஜீப் முதல் மிதியிலேயே கிளம்பியது. நின்ற இடத்திலேயே எஞ்சின் ஒரு தடங்கல் இல்லாமல் சீராக ஓடியது. சிதம்பரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இனிமே இதுல எங்கிட்டுப் போறது?” என்று என்னைக் கேட்டான்.