ஆதரவற்றவரின் தம்பி

வறுமையை எழுதுவதில் நான் கெட்டிக்காரி. கம்பம் டவுனில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தோடு இணைக்கும் மனுவையும் நானே தட்டச்சு செய்து கொடுப்பேன். 'வறுமையில் வாடி', 'நிர்க்கதியாய்', 'ஒருவேளைக் கஞ்சிக்கும் வழியின்றி' என்று விரல் தானாக ஓடும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார். அதைப் பற்றி எனக்கென்ன, வேலை ஆனால் சரி.

இங்குள்ளவர்கள் தங்களை ஏழை என்று சொல்லிக்கொள்வது அபூர்வம். 'ஏதோ ஓடுது' என்பார்கள், 'கைக்கும் வாய்க்கும் சரியாப் போகுது' என்பார்கள். 'இல்லாதபட்டவுக' என்று ஒரு சொல் உண்டு. அதுவும் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரருக்குத்தான்.

போன வருடம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு அக்கா வந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. கணவர் இறந்து ஏழெட்டு மாதம். ஒரே மகள் எட்டாவது படிக்கிறாள். அரசு உதவித்தொகை வந்தால், அவளைத் தோட்டத்துக்கு அனுப்பாமல் மேலே படிக்க வைக்கலாம். அதற்கு முதலில் 'ஆதரவற்ற விதவை' என்று சான்றிதழ் வாங்க வேண்டும். மனுவை எழுதி வாசித்துக் காட்டினேன்.

"ஆதரவு இல்லைன்னா எழுதிருக்கீக?"

"ஆமாக்கா."

"பக்கத்து வீட்டுல என் தம்பி இருக்கானே தாயி. வேலை விட்டு வந்தா எங்க வீட்டுல எட்டிப் பாத்துட்டுத்தான் அவன் வீட்டுக்குள்ள போவான்."

"அது இருக்கட்டும்க்கா. கவர்மெண்ட்ல இதுக்கு இந்தப் பேருதான். இது இல்லைன்னா கிடைக்காது."

தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

சில நாள் கழித்து கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குப் போனார். தெருவே கூடிவிட்டது. அக்காவுக்கு ஆதரவு யாரும் இல்லையா என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். "ஏன் சார் இல்ல? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல! எங்கக்காளையும் பிள்ளையையும் நடுத்தெருவுலயா விட்டுட்டோம்?" அதோடு விட்டாரா, அதிகாரிக்கு இளநீர் வேறு வெட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தம்பியைக் கடைக்கு வரச் சொல்லி ஒரு பிடி பிடித்தேன். அவரும் வாழைத்தார் சுமக்கிறவர்தான். இரண்டு பிள்ளைகள். தோளில் வாழைக்கறை படிந்த சட்டையோடு நின்றார்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல தம்பி?"

"ஊர்க்காரவுக அம்புட்டுப் பேரும் நிக்கிறாக. எங்கக்காவும் நிக்குது. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு எப்பிடிக்கா சொல்ல?"

"ஒத்த வார்த்தைதான? உங்க அக்கா மகளுக்காகச் சொல்லுங்க."

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். மறுபடி விண்ணப்பித்தோம். அக்கா மட்டும் என்னிடம் தனியாகக் கேட்டார். "அவன் வேலைக்குப் போன நேரமாப் பாத்து அந்த ஆபீசர வரச் சொல்ல முடியாதா தாயி? அவன் வாயால அதச் சொல்ல வேணாம்." அதெல்லாம் என் கையிலா இருக்கிறது என்றேன்.

இரண்டாவது விசாரணை அன்று நானும் டவுன் பஸ் பிடித்துப் போய்விட்டேன். தம்பி திரும்பவும் வீரம் பேசிவிடக் கூடாதே என்ற பயம். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். தம்பி தரையைப் பார்த்தார்.

"யாரும் இல்ல சார்."

"நீங்க?"

"நானும் இல்ல சார்."

அக்கா விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். அன்றும் கூடியிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெருவே அவமானப்பட்டு நிற்பதாக எனக்குத் தோன்றியது. ஒற்றை வார்த்தை என்று அவரிடம் சுலபமாகச் சொன்னவள் நான்தான். எனக்கே என்மேல் வெறுப்பாக வந்தது.

சான்றிதழ் வந்துவிட்டது. அச்செடுத்துக் கொடுத்தபோது அக்கா அதை வாசிக்கவில்லை.

"மடிச்சு ஒரு கவர்ல போட்டுக் குடுங்க தாயி. அவன் கண்ணுல பட வேணாம்."

"யாரு கண்ணுலக்கா?"

"தம்பிதான் கூட்டியாந்தான். வெயில்ல பஸ்ஸுக்கு நிக்க வேணாம்னு."

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். அவர் வண்டியோடு வெயிலில் நின்றிருந்தார். அக்கா வெளியே வருவதைப் பார்த்ததும், சூடேறிக் கிடந்த பின்சீட்டில் தன் தோள்துண்டை நாலாக மடித்துப் போட்டார். அக்கா கவரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, அந்தத் துண்டின்மேல் ஏறி உட்கார்ந்தார்.