கேட்காத கோப்புகள்

எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே நெட் மழைநாள் பஸ் மாதிரி, வந்தால் உண்டு. அதனால் ஒருமுறை இறக்கிய மென்பொருளை ஒரு சர்வரில் சேமித்து வைப்போம். எந்த மிஷினுக்குத் தேவையோ அது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

சர்வர் நிரம்பியது. நான் பெரிய டிஸ்க் கேட்டேன். தலைமை அலுவலகம் விதி அனுப்பியது. மூன்று மாதமாக எந்த மிஷினும் கேட்காத கோப்பைத் தானாக அழித்துவிட வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதை இவ்வளவு சுத்தமாக விதியாக்கி நான் பார்த்ததில்லை. எடைமேடையின் பழைய மென்பொருளை மட்டும் விட்டுவிடுங்கள், அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை என்று எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. தனியாக எடுத்து வைக்கவும் வழியில்லை. பென்டிரைவ் உள்ளே வரக்கூடாது என்பது இன்னொரு விதி.

எடைமேடையில் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுத்தவர் ராயபுரத்து அண்ணன் ஒருவர். காலையில் வந்ததும் மிஷினைத் துடைத்துவிட்டு, மானிட்டர் மேல் இருக்கும் மாதா படத்தையும் துடைப்பார். உப்புக்காற்றும் நிலக்கரித் தூசியும் எதையும் விட்டுவைக்காத ஊரில், அந்த மிஷினுக்காக அவர் என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

மழை தொடங்கிய வாரம் அதன் டிஸ்க் செத்தது. புதிது மாட்டிவிட்டு எடைமேடை மென்பொருளைச் சர்வரில் தேடினேன். இருக்காது என்று தெரியும்; இருந்தும் இன்னொரு முறை தேடினேன். வெளியே லாரிகள் சாலை வரை நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மாலைக்குள் தலைமை அலுவலகத்தின் முடிவு வந்துவிட்டது. ஆளே இல்லாமல் எடை போடும் புது மேடை வரும், அண்ணன் இந்த மாதத்தோடு நின்றுகொள்ளலாம்.

அவர் என் அறைக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“இன்னாம்மா, எல்லா எடத்துலயும் தேடிட்டியா?”

தேடிவிட்டேன் என்றேன். மூன்று மாதமாக யாரும் அதைக் கேட்கவில்லை, அதனால் அழிந்துவிட்டது என்று விளக்கினேன்.

“நல்லா ஓடிகினு இருந்துச்சேம்மா. அப்பால எதுக்குக் கேக்கறது?”