ஹைப்போ பாட்டிலின் மூடி

இருட்டறையில் வேலை பார்ப்பவன் வெளிச்சத்துக்குப் பயப்படுவதைவிடக் காற்றுக்குத்தான் அதிகம் பயப்படுவான். வெளிச்சத்தைத் தடுக்க ஒரு கறுப்புத் திரை போதும். காற்றை அப்படித் தடுக்க முடியாது. பாட்டிலில் நாலு விரல் இடம் காலியாக விட்டால், உள்ளே உட்கார்ந்துகொண்டு நல்ல டெவலப்பரைக் கஷாய நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். நமத்துப்போன அப்பளத்துக்காக வீட்டில் திட்டு வாங்கியவர்கள், மூடி சரியில்லாத ஊறுகாய் ஜாடியில் பூஞ்சையைக் கண்டு பெருமூச்சு விட்டவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

கொடைக்கானலில் ஏரிக்கு மேற்பக்கத் தெரு ஒன்றில், ஷீலா மேடம் தன் வீட்டுக் கார் ஷெட்டை இருட்டறையாக மாற்றி வைத்திருக்கிறார். டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் படமெடுத்துச் சலித்துப்போன சென்னை, பெங்களூர்ப் பிள்ளைகள் பழைய பிலிம் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு நாள் தங்கி, தங்கள் ரோலைத் தாங்களே கழுவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ரசாயனங்களைக் கலப்பதும் பாட்டிலில் அடைத்துப் பாதுகாப்பதும் என் வேலை. முக்கியமானவை இரண்டு. முதலில் ஊற்றுகிற டெவலப்பர் படத்தை வெளியே கொண்டுவரும். பிறகு ஊற்றுகிற ஹைப்போ, படமாகாமல் மிஞ்சியதையெல்லாம் கரைத்து எடுத்துவிடும். இந்த வரிசையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பாட்டில் வேட்டை

எங்கள் மலையில் ப்ளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. கீழே இருக்கிற என் தொழில்காரர்கள் மெல்லிய பாட்டிலை அமுக்கி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடிவிடுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கண்ணாடி பாட்டில்தான் வேண்டும், அதிலும் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தேன் பாட்டில் வாங்கிப் பார்த்தேன், மூடி லொடலொடவென்று ஆடியது. தைல பாட்டிலில் எத்தனை கழுவினாலும் வாடை போகவில்லை. கடைசியில் பிராந்தி பாட்டில்தான் கைகொடுத்தது. அளவு குறைந்தால் உள்ளே கோலிக்குண்டுகளைப் போட்டுக் கழுத்து வரைக்கும் மட்டத்தை ஏற்றிவிடுவேன், காற்றுக்கு இடமே இருக்காது.

மூஞ்சிக்கல் பக்கம் பழைய பேப்பர் கடையில் வாரா வாரம் பொறுக்கி எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, வெள்ளைச் சட்டையோடு அப்படியே அங்கே போய்க் குனிந்து, ஒவ்வொரு மூடியாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைக்காரர் ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டார்: "வேதக்காரரா இருக்கீங்க, குடிக்கிற ஆளாவும் தெரியல. வெறும் பாட்டில வாங்கிட்டுப் போயி மோந்து பாப்பீங்களோ?"

மாரிமுத்துவின் ஒரு மடக்கு

கடைக்காரரோடு சேர்ந்து நானும் சிரித்த அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மேடம் வீட்டுக்கு மாரிமுத்து என்று ஒரு காவல்காரர் இருந்தார். சாரலடிக்கிற ஒரு சாயங்காலம், அலமாரியில் வரிசையாக நின்ற பிராந்தி பாட்டில்களில் ஒன்றை எடுத்து, கோலிக்குண்டு உருளுகிறதே என்றுகூட யோசிக்காமல் ஒரு மடக்குக் குடித்துவிட்டார். உள்ளே இருந்தது டெவலப்பர். நான் உள்ளே வரும்போது வாசற்படியில் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. ஆட்டோவில் என் மடியில் அவர் தலை கிடந்ததையும், வழி நெடுக நான் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டே போனதையும் இன்னும் மறக்க முடியவில்லை.

பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது பேச்சு வந்திருந்தது. வாயில் வைத்ததுமே கசந்திருக்குமே, துப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "ஓசிச் சரக்கு சார். துப்ப மனசு வரல."

ஒரே மாதிரி பாட்டில்கள்

அவர் குடித்த மறுநாளே பிராந்தி பாட்டில் அத்தனையையும் மேடம் தூக்கி எறியச் சொல்லிவிட்டார். மதுரையிலிருந்து பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்கள் வந்தன. எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன், உள்ளே ரப்பர் வாஷர் வைத்த கறுப்புத் திருகுமூடி. தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது. எனக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பெயர் எழுதுவதில்தான் தகராறு. காகிதம் ஒட்டினால் நம் ஊர் மஞ்சு மூட்டத்து ஈரம் இரண்டே நாளில் உரித்துவிடும். மார்க்கரில் எழுதினால் ஹைப்போ வழிந்து எழுத்தை அழித்துவிடும். ஆகவே வெள்ளைப் பெயின்டை எடுத்து, நனையாத இடமான மூடியின் மேல் எழுதினேன். ஒன்றில் டெ, இன்னொன்றில் ஹை. மேலேயிருந்து பார்த்தால் போதும், எது எது என்று தெரிந்துவிடும்.

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "மூடில எழுதாதீங்க ஆல்பர்ட், அது கழண்டு வர்ற சாமான். பாட்டில்ல எழுதுங்க, ப்ளீஸ்" என்றார்.

ராசம்மா கொண்டுவந்த டப்பா

நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அப்படிப் பல நாளைக்கு ஓடியது. அப்போதுதான் பேத்துப்பாறையிலிருந்து ராசம்மா என்கிற அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சின்னப் பிள்ளையாகச் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர், இன்னமும் கூலி வேலைக்குப் போகிறவர். மடியில் ஒரு பிஸ்கட் தகரடப்பா. மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி அடைத்திருந்தது. கத்தியால் மெழுகைக் கீறித் திறந்தேன். உள்ளே அரிசி, அரிசிக்குள் எண்ணெய்க் காகிதம், காகிதத்துக்குள் ஒரு கறுப்பு வெள்ளை பிலிம் ரோல். ஈரம் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிற நான்கூட எதையும் அவ்வளவு நன்றாக அடைத்து வைத்ததில்லை.

அடைத்தவர் அவருடைய வீட்டுக்காரர். ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். ஊரைவிட்டுப் போன பங்களாக்காரர் கொடுத்த காமிராவில் மகள் செல்வியைப் படமெடுத்திருக்கிறார். அவளுக்கு அப்போது நாலு வயது. ரோல் முடிவதற்குள் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டாள். "பிள்ளைய எடுத்து வச்சிருக்கேன், மனசு ஆறட்டும், கழுவிக்கலாம்" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லியே இருபத்தைந்து வருடத்தை ஓட்டிவிட்டு, மூன்று மாதம் முன்பு அவரும் போய்விட்டார். செல்விக்கு வேறு படமே கிடையாது. ராசம்மா டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "அவ சிரிப்பு ஞாபகம் இருக்கு தம்பி, அழுகை ஞாபகம் இருக்கு. மூஞ்சிதான் மறந்துபோச்சு."

காற்றுக்குப் பயந்தவன்

அதற்கு முந்தின நாள் நான் மூடிகளைக் கழுவியிருந்தேன். வாஷர் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டால் மூடி இறுக்கமாக உட்காராது, காற்றுப் புகும். ஆகவே எல்லா மூடிகளையும் கழற்றி ஒரு சட்டி வெந்நீரில் போட்டேன். மூடியில்லாத பாட்டில்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. டெவலப்பர் திறந்து கிடக்கிறதே, ஒவ்வொரு நிமிடமும் கெட்டுக்கொண்டிருக்கிறதே என்று அவசர அவசரமாகத் துடைத்து, இடது பக்கம் டெவலப்பர், வலது பக்கம் ஹைப்போ என்ற கணக்கில் திருகி முடித்தேன். நடுவில் மேசையைத் துடைப்பதற்காகப் பாட்டில்களை நகர்த்தி வைத்தது நான்தான். எந்தப் பக்கமாக நகர்த்தினேன் என்பது அப்போது மனதில் வரவேயில்லை. இரண்டும் தண்ணீர் நிறம். ஹைப்போவின் புளித்த வாடை காட்டிக்கொடுத்திருக்கும், ஆனால் நான் ஜலதோஷத்தில் மூக்கடைத்துக் கிடந்தேன்.

இன்னொரு வழியும் இருந்தது. ரோலின் முனையில் ஒரு துண்டு வெட்டி டெவலப்பரில் நனைத்தால் கறுக்க வேண்டும், கறுக்காவிட்டால் கோளாறு. விளையாட்டுக்கு எடுத்த சுற்றுலாப் பிள்ளைகளின் ரோலுக்கெல்லாம் தவறாமல் அதைச் செய்கிறவன், அன்று செய்யவில்லை. ராசம்மா வெளியே மழையில் ஷெட் கூரையோரம் உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் படத்தைக் கையில் கொடுத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. பிலிமைச் சுற்றி வைத்துக் கழுவுகிற டாங்கில் முதலில் ஊற்றியது ஹைப்போ. நாலு வயதுப் பிள்ளையை அது எட்டு நிமிடத்தில் கரைத்துவிட்டது. டாங்கைத் திறந்து பிலிமை விளக்குக்கு எதிரே பிடித்தேன். அந்தப் பக்கம் சுவரில் இருந்த ஆணிகூடத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது: "தம்பி, பிள்ள வந்துட்டாளா?"

நான் சொன்ன பதில்

வெளியே போய் நின்று, "பிலிம்ல ஒண்ணுமே எடுக்கலம்மா, வெறும் ரோல்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தானாக வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்கத் தைரியம் இல்லை. உயிரோடு இல்லாதவர் மேல் பழியைப் போட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும். எனக்கே என்னைப் பிடிக்காமல்போன நாள் அது.

அந்த அம்மா அழவில்லை. டப்பாவில் அரிசியைத் திரும்பக் கொட்டி, ஒரு மணி சிந்தாமல் பொறுக்கிப் போட்டு மூடினார். பிலிமை நீட்டினேன், வாங்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கும்போது, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல் சொன்னார்: "அதான் கழுவக் குடுக்காம ஒளிச்சு வச்சிருந்தாரா. இத்தன வருசமா என்னய ஏமாத்திட்டாரே பாவி."

ஓரத்து எண்கள்

பிலிமைத் தூக்கிப் போட மனசு வராமல் கொடியில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். மேடத்திடமும் வெறும் ரோல் என்றே சொல்லியிருந்தேன். ஒரு வாரம் அப்படியே தொங்கியது. மேடம் ஏதோ எடுக்க உள்ளே வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். பிலிமின் ஓரத்தில் கம்பெனியே எண்கள் பதித்திருக்கும். படமே எடுக்காத வெற்று ரோலைக் கழுவினாலும் ஒன்று, இரண்டு என்று அந்த எண்கள் கறுப்பாக எழும்பி வந்தாக வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. ராசம்மாவுக்கு இது தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும்.

அவர் மூடிகளைப் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார், ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிலிமைச் சுருட்டி என் சட்டைப் பையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது எடுக்காத ரோல் இல்ல ஆல்பர்ட், நீங்க அழிச்ச ரோல். அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு அப்புறம் வேலைக்கு வாங்க."

பேத்துப்பாறையில்

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினேன். ராசம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க தம்பி, டீ குடிக்கிறீங்களா?" என்றார். உள்ளே சுவரில் ஒரு படம் முகம் காட்டாமல் திரும்பி மாட்டியிருந்தது. யாருடைய படம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மூடி மாறியது, மூக்கு அடைத்தது, துண்டு நனைத்துப் பார்க்காதது, அப்புறம் பொய் சொன்னது.

முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப பிள்ள அதுல இருந்தாளா?" ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை. "தெரியலம்மா. இருந்திருப்பா. அதத் தெரிஞ்சுக்க முடியாமப் பண்ணதே நான்தான்" என்றேன். அவர் எழுந்து போய் அந்தப் படத்தை நேராகத் திருப்பினார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வாசலுக்கு வந்து சொன்னார்: "எட்டு நாளா இந்த மனுசன வையாத வசவு இல்ல. ஒங்கள வைய எனக்கு ஒடம்புல தெம்பு கெடையாது தம்பி, போயிட்டு வாங்க."

இப்போதெல்லாம் கொடைக்கானலிலேயே என்னைப்போல ஜாக்கிரதையாகப் பிலிம் கழுவுகிற ஆள் கிடையாது என்று மேடம் வருகிறவர்களிடம் சொல்கிறார், ராசம்மாவிடம்தான் கழுவுவதற்கு இனிப் பிலிம் கிடையாது.