மதாமுக்கு ஒரு சிபாரிசு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மில் கேட்டில் வாட்ச்மேன் வருகைப் பதிவேட்டை நீட்டவில்லை. "மதாம் விடியக்காலையில போயிட்டாங்க சார், நெஞ்சு வலியாம்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். மேலாளர் குத்துக்கல்லாட்டம் இருக்க, ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்த இவர் போய்விட்டாரே என்ற கோபம். அஞ்சலிக் கட்டுரையில் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

மதலேன் அம்மையாரை ஆலையில் எல்லோரும் மதாம் என்றே அழைத்தோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பிரெஞ்சு ஆட்சி போய் அலுவலகங்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோது அகராதியைப் புரட்டித் தாமே ஆங்கிலம் கற்றுத் தட்டச்சரானார். எழுபத்திரண்டில் நான் தபால் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தபோது, அவருக்கு அடுத்த மேசை எனக்குக் கிடைத்தது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது மேலாளர் தமிழில் பெயரைச் சொல்வார். ஆங்கிலத்தில் சிபாரிசுக் குறிப்பு எழுதுவது மதாம். மேலாளர் படித்துப் பார்க்காமலே கையெழுத்திடுவார். தலைமை அலுவலகத்தில் ஆளைப் பார்க்க மாட்டார்கள், குறிப்பில் உள்ள சொல்லைத்தான் பார்ப்பார்கள். ஆகவே சொற்களை மதாம் ஒரு நோட்டில் ஏணிப்படி போல அடுக்கி வைத்திருந்தார். கீழே அக்செப்டபிள். அதற்கு மேலே சூட்டபிள், பிரிஃபர்டு, சாய்ஸ். உச்சியில் ஃபோர்மோஸ்ட்.

"அக்செப்டபிள்னா வேற வழியில்லன்னு எடுத்துக்கறது. பிரிஃபர்டுன்னா நாலு பேர்ல இவன் தேவலாம்னு அர்த்தம். சாய்ஸ்னா மாங்கா கூடையில கைவிட்டுப் பொறுக்கி எடுத்தது" என்று ஒருநாள் விளக்கினார். ஃபோர்மோஸ்ட்? "அவனுக்கு முன்னால யாருமே இல்லன்னு அர்த்தம். அத நான் இன்னும் யாருக்கும் குடுக்கலப்பா."

எழுபத்தெட்டில் தலைமை எழுத்தர் ஓய்வு பெற்றார். அடுத்து மதாம்தான் என்பதில் கேன்டீன்காரருக்குக்கூடச் சந்தேகம் இல்லை. மேலாளர் அவரை அழைத்துத் தம் மைத்துனர் பெயரைச் சொன்னார். அந்த மைத்துனருக்கு ஒரு விடுப்புக் கடிதம்கூட ஒழுங்காக எழுத வராது. "உங்ககிட்ட ஒரு பெரிய வார்த்தை இருக்காமே, அதையே போட்டுடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார். மதாம் வந்து உட்கார்ந்து அடித்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. வழக்கமாக இரண்டு கார்பன் பிரதி எடுப்பவர், அன்று மூன்று எடுத்தார். மூன்றாவதை மடித்து என் கையில் வைத்தார்.

"பத்திரமா வெச்சிரு. கோவம் ஆறிப்போச்சுன்னா எடுத்துப் படி."

அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள், தலைமை எழுத்தராகிவிட்ட அந்த மைத்துனரின் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தார். ஆனால் அவருக்குப் பிறகு மேலாளர் சிபாரிசு செய்த எவரும் மதாமின் குறிப்பில் அக்செப்டபிளுக்கு மேல் ஒரு படி ஏறவில்லை. தலைமை அலுவலகம் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியது. காரணம் மேலாளருக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை. கோப்பு திரும்பி வரும் நாட்களில் மட்டும் மதாம் எனக்குக் காபி வாங்கித் தருவார்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "அடக்கத்துல நான் ஏதாவது வாசிக்கணும். இங்கிலீஷ்ல நாலு வரி அடிச்சுக் கொண்டாய்யா. அந்தம்மா போடுற மாதிரி பெரிய வார்த்தையா இருக்கட்டும்."

என் இழுப்பறையில் அந்த மூன்றாவது பிரதி இருந்தது. மதாமின் இயந்திரத்திலேயே உட்கார்ந்து, அந்தப் பழைய சிபாரிசை வரி பிசகாமல் அடித்தேன். மைத்துனர் பெயர் இருந்த இடத்தில் மதாமின் பெயரைப் போட்டேன், அவ்வளவுதான். மேலாளர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்திட்டார்.

மாலை உப்பளம் கல்லறையில், மூடாத பெட்டியின் அருகே நின்று அவர் கணீரென்று வாசித்தார். பிரிஃபர்டு என்றார், சாய்ஸ் என்றார், எல்லோரிலும் ஃபோர்மோஸ்ட் என்றார். கடைசி வரிக்கு வந்தார். "ஆகவே இவரையே ஹெட் கிளார்க் பதவிக்கு ரெக்கமண்ட் செய்கிறேன்." ஆங்கிலம் தெரியாத தறிக்காரர்களுக்கும் ஹெட் கிளார்க் என்ற இரண்டு சொற்கள் தெரியும். மேலாளருக்கும் தெரியும், வாய் தாண்டிய பிறகு. கூட்டம் மொத்தமும் திரும்பி மைத்துனரைப் பார்த்தது. அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மனம் குளிர்ந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நாளை என் வேலை போகலாம். போகட்டும். மேலாளரின் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கி, செபமாலை சுற்றியிருந்த விரல்களுக்கு அடியில் வைத்தேன். பிறகுதான் பெட்டியை மூடினார்கள்.

மதாம், உங்கள் சிபாரிசு கையெழுத்தாகி வந்துவிட்டது. கோபம் ஆறாததால், அந்தப் பிரதியை ஒன்பது ஆண்டுகளாக நான் படிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமையும் படிக்கவில்லை, அடிக்கத்தான் எடுத்தேன். போய் வாருங்கள்.