விளம்பரத்துக்கு எழுதிய மொய்

மல்லாட்டைக்கென்று, அதாவது நிலக்கடலைக்கென்று, ஓர் இணையதளம் நடத்தினேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இருபது வருஷம் கவிதை எழுதினேன் என்று சொன்னபோதும் சிரித்தார்கள். அது வேறு சிரிப்பு.

வீடு திண்டிவனத்தில். வேலை விழுப்புரத்தில், ஓர் அச்சகத்தில், பிழை திருத்துவது. காலையில் பாசஞ்சரில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். சாயங்காலம் அதே பெயர்கள் பின்னாலிருந்து. ஐம்பதைத் தொட்ட பிறகு அந்த ரயில் என் முதுகுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. படுத்தால் அதிர்கிறது, குனிந்தால் கூவுகிறது. வேலையை விட்டுவிட வேண்டும், வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும், அதற்கு மாதாமாதம் ஏதாவது வர வேண்டும். இந்த ஒரே ஆசையில் பிறந்ததுதான் தளம்.

சினிமா, சமையல், ஜாதகம் என்று பெரிய கடை போட்டவர்கள் ஆயிரம் பேர். நான் மல்லாட்டைக்கு மட்டும் ஒரு பெட்டிக்கடை என்று நினைத்துக்கொண்டேன். விதைத் தேர்வு, இலைப்புள்ளி நோய், ஜிப்சம் போடும் பருவம், மார்க்கெட் கமிட்டியில் அன்றைய விலை. ஆட்கள் வரத் தொடங்கியதும் விளம்பரத்துக்கு விண்ணப்பித்தேன். ஏற்பாடு சுலபமானது. பக்கத்தில் நான் இடம் விட வேண்டும். விளம்பர நிறுவனம் அதில் தன் படங்களை ஒட்டும். பார்க்கிறவர் தானாக ஆசைப்பட்டு அமுக்கினால் எனக்குச் சில்லறை விழும்.

"மூணு மாசம் விடாம வரட்டுங்க. அப்புறம் பிரஸ்ஸ விட்டுடுங்க, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் மனைவி.

எங்கே இடம் விடுவது என்பதே ஒரு படிப்பு. தலைப்புக்கு மேலே விட்டேன். ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஓரத்தில் விட்டேன், செல்போனில் ஓரமே கிடையாது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. கட்டுரையின் நடு வயிற்றில் வைத்தேன். வேர் அழுகலுக்குக் கீழே தங்க நகை வந்தது, வாடிய செடிக்குப் பக்கத்தில் சூரியகாந்தி எண்ணெய். மண்டகப்பட்டிலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார்.

"சார், நோவு இன்னா, மருந்து இன்னான்னு பாக்கறதுக்குள்ள நகையப் போட்டுக்கினு ஒரு பொண்ணு வந்து நிக்குது. மருந்து தேடறேன்னு சொன்னா என் சம்சாரம் நம்ப மாட்டேங்குது. ஒரே பேஜாரு சார்."

எடுத்துவிட்டேன். கடைசியில் விலைப் பட்டியலுக்குக் கீழே வைத்தேன். விலையைப் பார்த்த கண் அங்கே ஒரு கணம் அப்படியே நிற்கிறது; பெரும்பாலும் ஏமாற்றத்தில். அந்த நிற்கிற நேரத்தைத்தான் நான் விற்றேன். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

முதல் மாதம் வந்தது டீக்குப் போதும். அடுத்த மாதம் அரிசிக்கு. மூன்றாம் மாதமும் நிற்காமல் வர, அச்சக முதலாளியிடம் ஆடி பிறந்தால் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னொரு தபா யோசிச்சிக்குங்க சார்."

அந்த வைகாசியில் அக்காவின் பேத்திக்குக் காதுகுத்து. பனமலையில் ஏரியை ஒட்டி அவர்கள் நிலம். அக்கா வீட்டுக்காரர் தலைமுறையாக மல்லாட்டை போடுகிறவர். என் தளத்தில் இருந்த பாதி விஷயம் அந்த மாமா வாயிலிருந்து வந்ததுதான். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

"இன்னா மச்சான், பிரஸ்ஸ விடப் போறியாமே. சோத்துக்கு?"

விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது.

"அமுத்துனா துட்டா? யாரு அமுத்துனாலும்?"

"தானா அமுத்தணும் மாமா. நாம போய் அமுத்துங்கன்னு சொல்லக் கூடாது."

"விசேஷத்துல எவன் தானா மொய் எழுதறான்? சொன்னாத்தான் எழுதறான்."

சோற்றுக் கையோடு எழுந்து மொய் மேசைக்குப் போனார். மொய் எழுதுகிறவர்களின் பெயரையும் ஊரையும் சொல்ல அங்கே மைக் இருந்தது. இடது கையில் அதை வாங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம மச்சான் மல்லாட்டைக்கு வெப்சைட் வெச்சிக்கினு இருக்காரு. அதுல விளம்பரம் வரும். செலவு ஒண்ணும் கெடையாது. ஆளுக்கு அஞ்சி தபா அமுத்திட்டு ஜல்தியா பந்திக்கு வாங்க. போன் இல்லாதவங்க பக்கத்துல இருக்கறவங்க போன்ல அமுத்துங்க."

பந்தல் சிரித்தது. "திருப்பி எப்ப செய்வாரு?" என்று ஒரு குரல்.

"நீ மொதல்ல வெப்சைட் வைடா, வந்து அமுத்துவாரு!" என்றார் மாமா, மைக்கிலேயே.

நான் எழுந்து அந்த மைக்கை வாங்கியிருக்க வேண்டும். விதிகளைப் படித்தவன் நான். சொந்தக்காரர்கள் அமுக்கக் கூடாது, யாரையும் அமுக்கச் சொல்லவும் கூடாது. கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவார்கள். பிழைக்கென்றே பழகிய கண். ஆனால் அந்தக் கண் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வருஷம் எழுதியதில் இந்தக் கூட்டத்தில் ஒருவர் என் ஒரு வரியைப் படித்ததில்லை. இப்போது பந்தல் முழுக்க, கை கையாக, நான் எழுதிய பக்கம் வெளிச்சமாக இருந்தது. இலைப்புள்ளி நோய்தான். இருந்தாலும் என் வாக்கியம். ஒரு பெரியம்மா போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "அதிகாலைப் பனி இலையில் நிற்கும் நாட்களில்..." நன்றாக எழுதியிருக்கிறோம் என்று பட்டது. உட்கார்ந்தே இருந்தேன். பாயசம் ஊற்றினார்கள்.

அன்றோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேனோ என்னவோ. அக்கா அதை ஒரு விரதமாக்கிவிட்டாள். தினமும் காலையில் உறவுக்காரர்களின் போன் குழுவில் "அமுத்தியாச்சா?" என்று கேட்டாள். பதிலுக்குக் கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. வரவு எழும்பியது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுத எனக்கு ஒரு வாரம் முழுக்க இருந்தது. எழுதவில்லை. மாடு கொல்லைக்குள் இறங்கிய சத்தம் கேட்டும் புரண்டு படுக்கிறவனின் சுகம் அது.

எட்டாம் நாள், பேரணியில் வண்டி நின்றிருந்தபோது விளம்பர நிறுவனத்திடமிருந்து போனில் கடிதம் வந்தது. அமுக்கியவை செல்லாது, கணக்கு மூடப்படுகிறது, இந்த மாதம் சேர்ந்ததும் கிடையாது. முறையிட ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரு கட்டம்: அமுக்கியவர்கள் யார், ஏன்?

விழுப்புரம் வரும்வரை அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சவுக்கு, கரும்பு, மறுபடி சவுக்கு. மோசடி என்று ஒப்புக்கொண்டால் அக்காவை மோசடிக்காரி என்று என் கையால் எழுதிக் கொடுத்ததாகும். தெரியாது என்றால் பொய். கடைசியில் இங்கிலீஷில், என் உறவினர்கள், என் மேலுள்ள பிரியத்தால் என்று எழுதினேன். இரண்டு முறை பிழை பார்த்தேன். அனுப்பினேன்.

மறுநாள் பதில். ஏற்பதற்கில்லை. முடிவு இறுதியானது.

அச்சக முதலாளியிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் பள்ளிக்கூட வினாவிடைப் புத்தகத்தின் புரூஃப் தாள்களை என் பக்கம் நகர்த்தினார். "இத மொதல்ல பாருங்க சார், அவசரம்." அவ்வளவுதான். அந்தக் கருணையும் களைப்பாக இருந்தது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள். "உங்க அக்காகிட்டயும் மாமாகிட்டயும் சொல்லிடாதீங்க. நொந்துடுவாங்க."

இரண்டு நாள் கழித்து, வண்டியில் கதவோரம் நின்றிருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"இன்னாடா, உன் பக்கத்துல விளம்பரமே வரல. வெலைக்குக் கீழ வெள்ளையா இருக்குது. என் போன்ல கோளாறா?"

"இல்லக்கா. நான்தான் எடுத்துட்டேன்."

"ஏண்டா?"

"போதும்க்கா. சேந்துடுச்சி."

"சேந்துடுச்சா!" போனை அப்பால் நகர்த்தி மாமாவைக் கூப்பிட்டாள். "இந்தாங்க, போதுமாம்! நம்ம அமுத்துனதே போதுமாம்!" மாமா சிரிப்பதும், யாருக்கோ உரக்கச் சொல்வதும் கேட்டது. திரும்பி வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப வேலைய வுட்டுட்டியா?"

"வுட்டுட்டேன்க்கா."

வண்டி நீளமாக ஊதியது.

"இன்னா சத்தம் அது, ரயிலாட்டம்?"

"தண்டவாளத்தோரமா நடந்துக்கினு இருக்கேன்க்கா."

"நட, நட. இத்தினி வருஷம் உக்காந்தே கெடந்த. நல்லா நட" என்றாள்.